விற்ற துவக்கும் மீட்ட விலையும்

வியாபாரத்தில் பணமுடை வராத மனிதர் இல்லை. காசோலை திகதி நெருங்குகிறது, கொழும்பு முதலாளி இரண்டு தடவை தொலைபேசி எடுத்துவிட்டார், கடையில் நிற்கும் சரக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ள மனம் வரவில்லை. அப்போது நமது கண் வீட்டைச் சுற்றுகிறது. சும்மா கிடக்கும் பொருள் எது என்று தேடுகிறது. வாப்பா காலத்துத் துவக்கு, மனைவியின் காப்பு, ஓடாமல் நிற்கும் அரைக்கும் மெஷின், சந்தியில் இருக்கும் பத்துப் பேர்ச் காணி, இவற்றில் ஒன்று கைமாறுகிறது.

விற்ற அன்று நிம்மதி. ஆறு மாதம் போனதும் மனம் குடைய ஆரம்பிக்கிறது. ஒரு வருடம் போனதும், வாங்கியவரைத் தேடிப் போய், “திருப்பித் தருவீர்களா?” என்று கேட்கிறோம். அவர் சொல்லும் விலையைக் கேட்டு வாயடைத்துத் திரும்புகிறோம்.

இந்தத் திரும்ப வாங்கும் வியாபாரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத நினைத்தேன். விற்பதைப் பற்றியும் வாங்குவதைப் பற்றியும் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். விற்றதைத் திரும்ப வாங்குவது பற்றி யாரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. ஆனால் நமது பஜார்களில் அது அடிக்கடி நடக்கும் வியாபாரம்.

துவக்கு ஏன் வேறு மாதிரிப் பொருள்?

முதலில் துவக்கை எடுத்துக்கொள்வோம். திரும்ப வாங்குவதற்கு இதைவிடக் கஷ்டமான பொருள் இல்லை.

மலைநாட்டில் துவக்கு புதிய விடயமல்ல. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே பங்களாக்களில் துவக்கு இருந்தது. 1848இல் நுவரெலியாவில் வந்து குடியேறி விவசாயம் செய்து பார்த்த சாமுவேல் பேக்கர் கூட வேட்டைக்காரராகத்தான் அதிகம் பேசப்பட்டார். தோட்டத்தைச் சுற்றி மரக்கறி போடுபவர்களுக்குக் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் இன்றைக்கும் பெரிய தலையிடி. ஒரே இரவில் ஒரு பாத்தி உருளைக்கிழங்கு போய்விடும். அதனால் பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதி பெற்ற சொட்கன் துவக்கு இந்த மாவட்டத்திலும் சிலரிடம் உண்டு.

ஆனால் துவக்கு ஒரு தராசு மாதிரியோ சைக்கிள் மாதிரியோ அல்ல. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இதற்குப் பொறுப்பாக இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட சட்டம். பின்னர் பல தடவை திருத்தப்பட்டது. 1996இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. இதன்படி அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கு வைத்திருப்பது குற்றம். அனுமதியில்லாத ஒருவருக்கு விற்பதும் கைமாற்றிக் கொடுப்பதும் குற்றம். அனுமதியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

இதில் வியாபாரி கவனிக்க வேண்டிய விடயம் என்ன? துவக்கோடு அனுமதி போவதில்லை. அனுமதி ஆளுக்கு உரியது. நீங்கள் உங்கள் துவக்கை அனுமதியுள்ள ஒருவருக்குச் சட்டப்படி விற்றுவிட்டால், அத்தோடு உங்களுக்கு அந்தத் துவக்கின் மீது இருந்த அனுமதியும் முடிந்துவிடுகிறது. பிறகு மனம் மாறி அதையே திரும்ப வாங்கப் போனால், முதன்முதலாகத் துவக்கு வாங்கும் புதிய மனிதரைப் போலத்தான் போக வேண்டும். விண்ணப்பம், கிராம சேவகர், பொலிஸ் அறிக்கை, கச்சேரி என்று எல்லாம் ஆரம்பத்திலிருந்து. உங்களுக்கு உண்மையான தேவை இருக்கிறதா என்று அதிகாரி கேட்பார். “போன வருடம்தானே விற்றீர்கள்? அப்போது தேவையில்லாதது இப்போது எப்படித் தேவையானது?” என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது?

காலமும் மாறிவிட்டது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போதும் பிறகு 1987 முதல் 1989 வரையான பயங்கர நாட்களிலும் ஆயுதம் தேடி வந்தவர்கள் கிராமத்து வீடுகளில் இருந்த சொட்கன்களைத்தான் முதலில் எடுத்துச் சென்றார்கள். அதற்குப் பிறகு எந்த அரசாங்கமும் துவக்கு அனுமதியை இலேசாகப் பார்ப்பதில்லை. 2024 நவம்பரில் கூட, தற்பாதுகாப்புக்கு என்று வழங்கப்பட்ட துவக்குகளை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. ஆகவே துவக்கை விற்றவருக்குத் திரும்பும் வழி வருடத்துக்கு வருடம் ஒடுங்கிக்கொண்டே போகிறது.

இதில் ஒரு பொதுப் பாடம் இருக்கிறது. சில பொருட்களை விற்கும்போது நாம் பொருளை மட்டும் விற்பதில்லை, அதை வைத்திருக்கும் தகுதியையும் சேர்த்து விற்கிறோம். பஜாரில் நல்ல இடத்தில் இருக்கும் வாடகைக் கடையின் உரிமை, ஒரு கம்பனியின் விநியோக ஏஜென்சி, பஸ் ஓட்டும் பாதை அனுமதி, எல்லாம் துவக்கின் தம்பிமார்தான். காசு கையில் இருந்தாலும் அவற்றைத் திரும்ப வாங்க முடியாத நிலை வரலாம்.

ஒரு ரைபிளின் நூறு வருடப் பயணம்

துவக்கை விற்று, பல வருடம் கழித்துத் திரும்ப வாங்கியதில் உலகம் பேசிய ஒரு கதை இந்தியாவோடு சம்பந்தப்பட்டது.

ஜிம் கோர்பெட் என்ற பெயரை நம்மில் பலர் பாடசாலைக் காலத்திலேயே கேள்விப்பட்டிருப்போம். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர். அவர் தொழிலால் வேட்டைக்காரர் அல்ல என்பது பலருக்குத் தெரியாது. இருபது வருடத்துக்கு மேல் கங்கைக் கரையில் மொகாமே காட் என்ற இடத்தில் ரயில் சரக்கு ஏற்றி இறக்கும் கொந்தராத்து எடுத்தவர். நைனிதாலில் வீடுகள் வாடகைக்கு விடும் வியாபாரமும் அவரது குடும்பத்துக்கு இருந்தது. ஆக, அவரும் நம்மைப் போல ஒரு வியாபாரிதான்.

1907இல் சம்பாவத் என்ற ஊரில் நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதாகச் சொல்லப்படும் பெண் புலியை அவர் சுட்டார். அதற்காக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சேர் ஜோன் ஹியூவெட் அவருக்கு ஒரு .275 ரைபிளைப் பரிசளித்தார். அது லண்டன் ஜோன் றிக்பி கம்பனி விற்ற ரைபிள். பரிசு கொடுத்த காரணத்தைப் பொறித்த வெள்ளித் தகடு அதன் கட்டையில் பதிக்கப்பட்டது. கோர்பெட் 1947இல் இந்தியாவை விட்டுக் கென்யா போனார். 1955இல் அங்கே காலமானார். ரைபிள் அவரது புத்தகங்களை வெளியிட்ட ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தாரிடம் போய்ச் சேர்ந்தது.

இனி கம்பனியின் கதையைப் பாருங்கள். றிக்பி 1775இல் டப்ளின் நகரில் ஆரம்பமான பழைய கம்பனி. ஆனால் கம்பனியே கைமாறிப் போனது. 1997இல் அதன் பெயரை அமெரிக்கர்கள் வாங்கிக் கலிபோர்னியாவுக்குக் கொண்டு போனார்கள். லண்டன் துவக்கு என்று புகழ்பெற்ற பெயரை லண்டனில் செய்யாத துவக்கின் மீது போட்டால் வாங்குபவர் என்ன நினைப்பார்? 2013இல் இன்னொரு ஐரோப்பியக் குழுமம் அந்தப் பெயரை விலை கொடுத்து வாங்கி, தொழிற்சாலையைத் திரும்பவும் லண்டனில் வைத்தது.

பெயரை மீட்டவர்கள் அடுத்துச் செய்த காரியம்தான் நமக்குப் பாடம். 2015இல் கோர்பெட்டின் அந்த ரைபிளையும் தேடிப்பிடித்து வாங்கினார்கள். கம்பனி ஒரு காலத்தில் சாதாரணச் சரக்காக விற்ற ஒரு ரைபிள், நூறு வருடத்துக்கு மேல் கழித்து விலை கொடுத்துக் கம்பனி வாசலுக்கே வந்தது. 2016இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுபோய், கோர்பெட் வாழ்ந்த ஊர்ப்பக்கம் காட்டிவிட்டும் வந்தார்கள்.

இது பழைய பொருள் மீது வைத்த பாசம் மட்டுமா? இல்லை. றிக்பி இன்றும் .275 ரைபிள் செய்து விற்கிறது. அந்தப் பழைய ரைபிள் கம்பனிக் கட்டடத்தில் இருப்பது, பத்திரிகையில் பக்கம் பக்கமாக விளம்பரம் போடுவதை விடப் பெரிய விளம்பரம். அதாவது, திரும்ப வாங்கிய பொருள் அவர்களுக்கு வேலை செய்கிறது. உழைக்கிறது. இந்த ஒரு காரணத்தால்தான் அந்தக் கொள்வனவைப் புத்திசாலித்தனம் என்று சொல்கிறேன்.

அரசாங்கமே விற்று வாங்கிய கதை

வெளிநாட்டை விடுங்கள். நமது நாட்டு அரசாங்கமே இந்த வியாபாரத்தைப் பல தடவை செய்திருக்கிறது.

நமது கடைகளில் இருக்கும் காஸ் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் அரசாங்கம் கொழும்பு காஸ் கம்பனியின் 51 வீதப் பங்கை ஷெல் நிறுவனத்துக்கு 37 மில்லியன் டொலருக்கு விற்றது. பதினைந்து வருடம் நாம் ஷெல் காஸ் என்று விற்றோம். 2010இல் அரசாங்கம் ஷெல்லின் காஸ் வியாபாரத்தையும் களஞ்சியத்தையும் 63 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அதுதான் லிட்ரோ. விற்றது ஒரு பங்கு, வாங்கியது இடையில் ஷெல் கட்டியெழுப்பிய களஞ்சியத்தோடு சேர்த்து. ஆகவே இரண்டு தொகைகளையும் அப்படியே ஒப்பிட்டு நட்டம் என்று சொல்லிவிட முடியாது. திரும்ப வாங்கும்போது பொருள் பழைய பொருளாக இருப்பதில்லை என்பதைக் கவனியுங்கள்.

விமானக் கம்பனி இதற்கு எதிர்மாறு. 1998இல் எயார் லங்காவின் 40 வீதத்தை எமிரேட்ஸ் 70 மில்லியன் டொலருக்கு எடுத்து, நிர்வாகத்தையும் பத்து வருடத்துக்குப் பொறுப்பேற்றது. 2008இல் நிர்வாக ஒப்பந்தம் முடிந்தது. 2010இல் எமிரேட்ஸிடம் இருந்த சுமார் 44 வீதப் பங்கை அரசாங்கம் 53 மில்லியன் டொலருக்குத் திரும்ப வாங்கியது. விற்ற விலையை விடக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டோமே என்று பார்த்தால் இலாபம் போலத்தான் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு வருடக்கணக்கில் ஏறிய நட்டம் முழுவதும் பொதுமக்கள் தலையில் விழுந்தது. திரும்பவும் விற்க முயன்றார்கள், அதுவும் சரிவரவில்லை. மலிவாக மீட்ட பொருளும் நடத்தத் தெரியாவிட்டால் பாரம்தான்.

மூன்றாவது, இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனம். 2003இல் சுமார் 6 பில்லியன் ரூபாவுக்குத் தனியாருக்கு விற்கப்பட்டது. விற்ற முறை சரியில்லை என்று 2009இல் உயர் நீதிமன்றம் அந்த விற்பனையையே செல்லாது என்று தீர்ப்பளித்தது. வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கூட்டுத்தாபனம் அரசாங்கத்திடம் வந்தது. அவசரத்திலும் ஒழுங்கில்லாமலும் செய்த விற்பனை ஆறு வருடம் கழித்தும் அவிழ்க்கப்படலாம் என்பதற்கு இது சாட்சி.

வேனை விற்றவர்கள்

நமது கடைத்தெருவுக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று சொல்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவோடு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தபோது, “வேன் சும்மாதானே நிற்கிறது, விற்றுவிட்டுப் பிறகு வாங்குவோம்” என்று வேனையும் பட்டா லொறியையும் விற்றவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இறக்குமதி சில மாதத்தில் திறக்கும் என்று நினைத்தார்கள். திறக்கவில்லை. 2025 ஆரம்பத்தில்தான் தனியார் வாகன இறக்குமதிக்கு வழி பிறந்தது. இடையில் 2022இல் 200 ரூபாச் சுற்றில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. விற்ற அதே பழைய வேனை விற்ற விலைக்கு யாராலும் வாங்க முடியவில்லை. தோட்டங்களுக்குச் சரக்குப் போடுபவருக்கு வாகனம்தான் கால். காலை விற்றுவிட்டு வாடகைக் காலில் நடந்தவர்களின் கணக்குப் புத்தகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தங்கமும் இப்படித்தான். 2022க்கு முன்பு காப்பை விற்றவரும் காப்பை அடகு வைத்தவரும் அன்று பணத்தோடுதான் வீட்டுக்குப் போனார்கள். விலை ஏறியபோது அடகு வைத்தவருக்குக் காப்பு இருந்தது, விற்றவருக்கு இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கொட்டகலையில் ஒரு மளிகைக்கடைக்காரர் மிளகாய், மல்லி அரைக்கும் மெஷினை 150,000 ரூபாவுக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் செலவு போக மாதம் 8,000 ரூபா தந்துகொண்டிருந்தது. பதினான்கு மாதம் கழித்து அதே மெஷினை 210,000 ரூபா கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்.

கேட்டால், “60,000 ரூபா நட்டம்” என்பார். உண்மையான கணக்கு வேறு.

விலை வித்தியாசம் 60,000.
பதினான்கு மாத வருமானம் போனது 112,000.
ஏற்றி இறக்கி, திரும்பப் பூட்டி, வயர் இழுத்த செலவு 10,000.
மொத்தம் 182,000 ரூபா.

அதாவது 150,000 ரூபாவைப் பதினான்கு மாதம் பாவிப்பதற்கு 182,000 ரூபா கொடுத்திருக்கிறார். மாதத்துக்கு நூற்றுக்கு எட்டரை ரூபாவுக்கு மேல். வட்டிக்குப் போகக்கூடாது என்று நல்ல எண்ணத்தில் மெஷினை விற்ற மனிதர், வட்டிக்காரனுக்குக் கொடுக்கும் அளவு தொகையைத் தெரியாமலே கொடுத்துவிட்டார். மெஷினோடு போன வாடிக்கையாளர்களை இதில் சேர்க்கவில்லை. அரைக்க வந்தவர் அப்படியே அரிசியும் பருப்பும் வாங்கிப் போவார். மெஷின் போனால் அவரும் போவார்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த 150,000 ரூபா ஒரு காசோலை திரும்பாமல் காப்பாற்றியிருந்தால், அதனால் கொழும்பில் கடன் சரக்கு தொடர்ந்து கிடைத்திருந்தால், விற்றது சரியான முடிவாகவும் இருக்கலாம். பெயர் கெட்டால் எத்தனை மெஷின் இருந்தும் பயனில்லை. விற்பதற்கு முன்பு இந்த இரண்டு பக்கத்தையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்வது. பெரும்பாலானோர் விற்ற பிறகுதான் எழுதிப் பார்க்கிறார்கள்.

மார்க்கம் காட்டும் வழி

விற்றுவிட்டு வருந்துவது மனித இயல்பு என்பதை நமது மார்க்கம் ஏற்றுக்கொள்கிறது. அதனால்தான் கொடுக்கல் வாங்கலில் இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது.

முதலாவது கியார், அதாவது தெரிவு செய்யும் உரிமை. விற்பவரும் வாங்குபவரும் அந்தச் சபையை விட்டுப் பிரியும் வரை இருவருக்கும் வியாபாரத்தை முறிக்கும் உரிமை உண்டு. அதற்கு மேலும் யோசிக்க நேரம் தேவையென்றால், நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி மூன்று நாள் வரை நிபந்தனை போட்டுக்கொள்ளலாம். ஒரு பெரிய பொருளை விற்கும்போது, “மூன்று நாள் தவணை” என்று வாய் திறந்து கேட்க நமக்கு ஏன் வெட்கம்?

இரண்டாவது இகாலா. வியாபாரம் முடிந்து பிரிந்த பிறகு ஒருவர் வருந்தி வந்து கேட்டால், மற்றவர் அதை ஏற்று அதே விலைக்கு வியாபாரத்தை ரத்துச் செய்து கொடுப்பது. இது கடமையல்ல, ஆனால் பெரிய நன்மை. அப்படி விட்டுக்கொடுப்பவரின் சறுக்கல்களை அல்லாஹ் மறுமையில் மன்னிப்பான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் வாக்கு அபூதாவூத், இப்னு மாஜா கிரந்தங்களில் இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, அதே விலைக்கு என்பது. கூட்டிக் கேட்டால் அது இகாலா அல்ல, புதிய வியாபாரம்.

ஆயுதம் கைமாறிய சம்பவமும் நமது சரித்திரத்தில் உண்டு. அலி (ரழி) அவர்கள் பாத்திமா (ரழி) அவர்களுக்கு மஹர் கொடுப்பதற்காகத் தமது போர்க் கவசத்தை விற்றார்கள் என்றும், வாங்கிய உஸ்மான் (ரழி) அவர்கள் விலையையும் கொடுத்து, கவசத்தையும் அன்பளிப்பாகத் திருப்பிக் கொடுத்தார்கள் என்றும் வரலாறு சொல்வோர் கூறுவார்கள். ஜாபிர் (ரழி) அவர்களின் ஒட்டகத்தை வழியில் விலைக்கு வாங்கிய நபி (ஸல்) அவர்கள், மதீனா வந்ததும் விலையைக் கொடுத்து ஒட்டகத்தையும் அவரிடமே கொடுத்துவிட்டது ஆதாரபூர்வமான ஹதீஸ். முடையில் இருப்பவரிடம் வாங்கும் மனிதர் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

நபி (ஸல்) அவர்கள் தமது கவசத்தை முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகு வைத்திருந்தார்கள் என்பதையும் நாம் அறிவோம். விற்கவில்லை, அடகுதான் வைத்தார்கள். அடகில் பொருள் நமதாகவே இருக்கிறது.

திரும்ப வாங்கவே கூடாத ஒன்றும் உண்டு. உமர் (ரழி) அவர்கள் அல்லாஹ்வின் பாதையில் தர்மமாகக் கொடுத்த குதிரை பிறகு சந்தையில் மலிவாக விற்கப்படுவதைக் கண்டு வாங்க நினைத்தபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தர்மம் செய்ததை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் திரும்ப வாங்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. “இப்போது உனக்கு விற்கிறேன், ஆறு மாதத்தில் கூடுதல் விலைக்கு நானே வாங்குவேன்” என்று முன்கூட்டியே பேசி வைத்துச் செய்வது பெரும்பாலும் வட்டிக்குப் போர்த்திய துணிதான். இப்படியான உடன்படிக்கைக்கு முன்பு ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

காணி விடயத்தில் கவனம்

காணியில் இந்தக் கஷ்டம் இன்னும் ஆழமானது. நமது நாட்டில் திரும்ப வாங்கும் உரிமையோடு காணி விற்கும் நிபந்தனை உறுதி என்ற முறை இருக்கிறது. குறித்த காலத்துக்குள் பேசிய பணத்தைக் கொடுத்தால் காணி திரும்பும். காலம் தப்பினால் காணி வாங்கியவருக்கே அறுதியாகப் போய்விடும். பலர் இதை ஈடு வைப்பது போன்றது என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அது ஈடு அல்ல, விற்பனை.

அதைவிட மோசமானது வாய்ப்பேச்சு. “மச்சான், உனக்குச் சல்லி கிடைக்கும்போது திருப்பித் தாறேன்” என்று சொல்லி அறுதி உறுதி எழுதி வாங்குவார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி சம்பந்தமான உடன்படிக்கை நொத்தாரிசு முன்னால், சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வாயால் கொடுத்த வாக்கை நம்பி நீதிமன்றம் போனால் காணியைத் திரும்ப வாங்கும் உரிமையை நிரூபிப்பது மிகவும் கடினம். வாக்குக் கொடுத்தவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் மௌத்தானால் பிள்ளைகள் அந்த வாக்கை ஏற்பார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

விற்பதற்கு முன் ஐந்து கேள்விகள்

ஒன்று: இந்தப் பொருள் உழைக்கிறதா, சும்மா கிடக்கிறதா? சும்மா கிடப்பதாகத் தோன்றும் வேனும் மெஷினும் அடுத்த மாதம் உழைக்கலாம். மூன்று வருடமாக உழைக்காதது இனியும் உழைக்காது.

இரண்டு: இதே மாதிரி இன்னொன்று சந்தையில் கிடைக்குமா? கிடைக்குமென்றால் தாராளமாக விற்கலாம். அனுமதி, ஏஜென்சி, இடம் என்று ஆளோடு ஒட்டியதாக இருந்தால் ஒன்றுக்குப் பத்துத் தடவை யோசியுங்கள்.

மூன்று: விற்காமல் வாடகைக்கு விட முடியுமா? பங்குக்குச் சேர்க்க முடியுமா? சொந்தக்காரரிடம் கடன் ஹஸனாவாகப் பெற முடியுமா? இதைக் கேட்க வெட்கப்பட்டுத்தான் நம்மில் பலர் பொருளை இழக்கிறோம்.

நான்கு: விற்றே ஆக வேண்டுமென்றால் யாருக்கு விற்பது? இரண்டாயிரம் ரூபா குறைந்தாலும் அறிந்த மனிதருக்கு, இகாலா என்றால் என்னவென்று தெரிந்தவருக்கு விற்பது மேல். “நீங்கள் விற்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்” என்ற ஒரு வசனத்தையும் பற்றுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்து: திரும்ப வாங்கப் போகும்போது கேட்க வேண்டிய கேள்வி இது. நான் பொருளை வாங்குகிறேனா, எனது வருத்தத்தை வாங்குகிறேனா? றிக்பி கம்பனிக்கு அந்த ரைபிள் உழைத்தது. விமானக் கம்பனி நமக்கு உழைக்கவில்லை. வாப்பாவின் ஞாபகத்துக்காக ஒரு பொருளை மீட்பது தவறல்ல. ஆனால் அதை வீட்டுக் காசில் மீட்க வேண்டும், கடைக் காசில் அல்ல.

துவக்கு விடயத்தில் மட்டும் இன்னொரு வார்த்தை. விற்பதென்றாலும் மீட்பதென்றாலும் கச்சேரியிலும் பொலிசிலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவசரத்துக்குக் கைமாற்றிக் கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்வது என்ற பேச்சே வேண்டாம். வாப்பா மௌத்தாகி, அவரது பெயரில் உள்ள துவக்கு இன்னமும் அலுமாரியில் இருந்தால், இந்த வாரமே போய் அறிவியுங்கள். மற்றப் பொருட்களில் அவசரப்பட்டால் பணம்தான் போகும். துவக்கில் அவசரப்பட்டால் மறியலுக்கும் போக நேரிடும்.

வாங்கும் பக்கத்தில் இருக்கும் சகோதரர்களுக்கும் ஒன்று. இன்று முடையில் வந்து உங்களிடம் விற்பவர் நாளைக்கு வருந்தி வரலாம். அவர் வரும்போது விலையைக் கூட்டுவதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. விட்டுக்கொடுப்பதற்கும் உரிமை இருக்கிறது. இரண்டில் எதில் பரக்கத் இருக்கிறது என்று தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள்தான்.